சின்ன இடி, பெரிய பில்: எலெக்ட்ரிக் கார் ரிப்பேர் செலவை ஒர்க்‌ஷீட்டில் கணக்கிடுவோம்

ஒர்க்‌ஷீட்டில் கூட்டல், பெருக்கல் வரை பழகிவிட்டவர்கள், "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று கேட்பதுண்டு. இந்த மாதம் அப்படி ஒரு வேலையைச் செய்து பார்ப்போம். விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கார் எங்காவது இடித்துக்கொண்டால் ரிப்பேர் பில் எவ்வளவு வரும்? அதில் இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரும்? நம் பையிலிருந்து எவ்வளவு போகும்? இதுதான் கணக்கு.

"எங்களுக்கு ஏது அந்தக் கார்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் இருக்கும் குடிகாடு, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட்டை ஒட்டிய ஊர். இங்கேயே வெளிநாட்டில் பல வருடம் உழைத்துத் திரும்பியவர்களும் தொழில் செய்பவர்களும் எலெக்ட்ரிக் கார் பற்றி விசாரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், வீட்டில் சார்ஜர் வைக்கலாமா என்றெல்லாம் கேட்பவர்கள், இடித்தால் என்ன செலவு என்று கேட்பதில்லை. நாம் போடப்போகும் ஒர்க்‌ஷீட் குறைந்த விலை எலெக்ட்ரிக் காருக்கும் பொருந்தும். எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும்

உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் ரேம் கெட்டுப்போனால் என்ன செய்கிறீர்கள்? கேபினட்டைத் திறந்து, பழைய ரேமை எடுத்துவிட்டு, புதியதைச் செருகுகிறீர்கள். செலவு ரேமின் விலையோடு முடிந்துவிடும். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அங்கே ரேம் கெட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

பழைய பெட்ரோல் கார் டெஸ்க்டாப் மாதிரி. கதவு நசுங்கினால் டிங்கர் கடையில் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சொகுசு எலெக்ட்ரிக் கார் மெல்லிய லேப்டாப் மாதிரி. தனித்தனியாகக் கழற்ற முடியாதபடி பல பாகங்கள் ஒன்றாக இணைந்திருக்கும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்தால் பில்லில் வரும் ஒவ்வொரு வரியும் புரியும்.

பில் ஏறுவது எங்கே?

முதலில் பேட்டரி. எலெக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரி பேக் பெரும்பாலும் தரைக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும். சாதாரணமாக 400 வோல்ட் அளவில் வேலை செய்யும். சில கார்களில் 800 வோல்ட். அடியில் கல் இடித்து அதன் பெட்டி நசுங்கினால், உள்ளே இருக்கும் செல்கள் நன்றாக இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே சேதமான செல் சில நாட்கள் கழித்துக்கூட சூடாகித் தீப்பிடிக்கலாம். அதனால்தான் இடிபட்ட எலெக்ட்ரிக் காரைப் பட்டறைக்கு வெளியே, மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்துகிறார்கள். பெட்டி சேதமானால் பேக்கையே மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. பிஒய்டி சீல் (இந்தியாவில் 2024 மார்ச்சில் வந்தது) போன்ற கார்களில் பேட்டரியின் மேல் மூடியே காரின் தரையாகவும் இருக்கிறது.

அடுத்து சென்சார்கள். முன் பம்பர் இப்போது வெறும் பிளாஸ்டிக் அல்ல. அதற்குப் பின்னால் ரேடார் இருக்கும். விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் கேமரா இருக்கும். பம்பரையோ கண்ணாடியையோ மாற்றினால் இவற்றை மறுபடி அளவெடுத்துச் சரியாக நிறுத்த வேண்டும். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். புது பிரிண்டர் வாங்கினால் அலைன்மென்ட் பக்கம் அச்சடித்துப் பார்க்கிறோம் அல்லவா, அதைப் போல. பிரிண்டர் அலைன்மென்ட் தவறினால் எழுத்து கோணலாகும். ரேடார் தவறினால் கார் தவறான இடத்தில் பிரேக் போடும். ஆகவே இந்த வேலையை விட்டுவிட முடியாது.

மூன்றாவது உடல். சில சொகுசு கார்களின் உடல் அலுமினியம். 2021-ல் இந்தியாவுக்கு வந்த ஜாகுவார் ஐ-பேஸ் அப்படிப்பட்டது. அலுமினியத்தை இரும்புத் தகடு போலத் தட்டி நிமிர்த்துவது கடினம். தனி இடமும் தனிக் கருவிகளும் வேண்டும். ஒட்டுப்பசையும் ரிவெட்டும் கொண்டு இணைத்த பாகங்களை வெட்டி மாற்ற வேண்டும். டெஸ்லா கார்களில் பல பத்து பாகங்களுக்குப் பதில் ஒரே வார்ப்பாகப் பின்பகுதி அடிச்சட்டத்தை வைத்தார்கள். தயாரிப்புச் செலவு குறைந்தது. ஆனால் பலமாக அடிபட்டால் அந்த ஒரே பெரிய துண்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது சாப்ட்வேர். கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்பதுபோல, புதிதாகப் பொருத்தும் பல எலெக்ட்ரானிக் பாகங்களைக் காரோடு கோடிங் செய்து சேர்க்க வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரின் சாப்ட்வேரும் அனுமதியும் வேண்டும். எல்லாக் கடையிலும் அது கிடைக்காது.

கடைசியாக வரி. 2019 ஆகஸ்ட் 1 முதல் எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5% தான். ஆனால் உதிரி பாகங்களுக்கும் தனியாக வாங்கும் பேட்டரிக்கும் 18%. கார் வாங்கும்போது கிடைத்த வரிச் சலுகை ரிப்பேரின்போது கிடைக்காது.

உண்மையில் நடந்தவை

2023-ல் அமெரிக்காவில் ரிவியன் ஆர்1டி என்ற எலெக்ட்ரிக் பிக்கப் வண்டியை ஒரு கார் பின்னால் மெதுவாக இடித்தது. பார்வைக்குச் சின்னச் சேதம். பில் சுமார் 42,000 டாலர். பின்பக்கத் தகடு கூரை வழியாக முன் தூண் வரை ஒரே துண்டாக இருந்ததே காரணம்.

அதே ஆண்டில் கனடாவில் ஒரு ஹூண்டாய் ஐயோனிக் 5 காரின் பேட்டரிப் பெட்டியில் சிறு சேதம். மாற்றுவதற்குக் கேட்ட தொகை 60,000 கனடா டாலருக்கும் மேல். காரின் விலையைவிட அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனி காரையே முழு நஷ்டம் என்று எழுதிவிட்டது. இந்த மாடல் நமக்கு அந்நியமானது அல்ல. 2023 ஜனவரியில் ரூ.44.95 லட்சம் ஆரம்ப விலையில் இந்தியாவுக்கு வந்தது; நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் பூட்டப்பட்டது. 2025 ஜனவரியில் ரூ.49 லட்சத்துக்கு வந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 எலெக்ட்ரிக் காரும் சென்னைக்கு அருகிலுள்ள அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் பூட்டப்படுவதே.

ஒன்றிரண்டு கார்களின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. வாடகைக் கார் கம்பெனியான ஹெர்ட்ஸ், 2024 ஜனவரியில் சுமார் 20,000 எலெக்ட்ரிக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. அது சொன்ன காரணங்களில் மோதல் மற்றும் சேத ரிப்பேர் செலவு முக்கியமானது.

பாலிசி பைலில் தேடுங்கள்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். இன்சூரன்ஸ் கம்பெனி மெயிலில் அனுப்பும் பாலிசி பெரும்பாலும் பிடிஎப் பைலாக இருக்கும். அதில் முதல் பக்கத்தில் பிரீமியத் தொகை போன்ற விவரங்கள் இருக்கும். நிபந்தனைகள் உள்ள முழு பைல் தனியாக இருந்தால் கம்பெனியின் தளத்திலிருந்து அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப் கீயைத் தட்டவும். தேடும் கட்டம் வரும். அதில் டெப்ரிசியேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து என்டர் தட்டவும். கழிவு அட்டவணை உள்ள இடத்துக்குக் கர்சர் போய் நிற்கும். பிறகு பேட்டரி என்ற சொல்லையும் இதேபோல் தேடவும்.

இந்தியாவில் வழக்கமான கார் பாலிசியில் இந்தக் கழிவு கீழ்க்கண்டவாறு இருக்கும்.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக்: 50%
பைபர் கிளாஸ்: 30%
கண்ணாடி: கழிவு இல்லை
மற்ற பாகங்கள், காரின் வயதுப்படி: 6 மாதம் வரை இல்லை, 1 வருடம் வரை 5%, 2 வருடம் வரை 10%, 3 வருடம் வரை 15%, 4 வருடம் வரை 25%, 5 வருடம் வரை 35%, 10 வருடம் வரை 40%, அதற்கு மேல் 50%
பெயிண்ட்: பொருள் விலையில் மட்டும் 50%. மொத்தமாக பில் போட்டிருந்தால் அதில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

கழிவு என்றால் கம்பெனி தராத பகுதி. அதாவது நாம் கட்ட வேண்டியது. இப்போது அட்டவணையின் முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். பேட்டரி 50%. இந்த அட்டவணை 2002 மோட்டார் டாரிப்பில் இருந்து வருகிறது. அன்று கார் பேட்டரி என்றால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 12 வோல்ட் பேட்டரி. பாதியை நாம் கொடுத்தாலும் பெரிதாகத் தெரியாது. இன்று அதே சொல்லுக்குள் காரின் விலையில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு பேக் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"பேட்டரிக்குத்தான் 8 வருட வாரண்டி இருக்கிறதே?" என்று கேட்கலாம். வாரண்டி என்பது தயாரிப்புக் கோளாறுக்கு. மோதலில் வந்த சேதத்துக்கு அது பொருந்தாது.

ஒர்க்‌ஷீட் தயாரிப்போம்

எக்செல் இருந்தால் அதையே திறக்கவும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போட்டுக்கொள்ளலாம். முதல் வரிசையில் ஏ1, பி1, சி1, டி1 செல்களில் முறையே பொருள், தொகை, கழிவு, என் பங்கு என்று தலைப்பு கொடுக்கவும்.

ஒன்றரை வருடம் ஓடிய, பாலிசியில் 40 லட்சம் மதிப்பு எழுதிய ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். அது முன்பக்கம் இடித்துவிட்டது. கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழக நான் வைத்தவை. உங்கள் காருக்கு ஷோரூமில் கேட்டு எழுதுங்கள்.

வரிசை 2: முன் பம்பர், 90000, 50%
வரிசை 3: ஹெட்லைட், 180000, 50%
வரிசை 4: ரேடார், கேமரா, 120000, 10%
வரிசை 5: பானட், பெண்டர், 100000, 10%
வரிசை 6: விண்ட்ஷீல்டு, 80000, 0%
வரிசை 7: பெயிண்ட், 60000, 12.5%
வரிசை 8: லேபர், காலிபரேஷன், 70000, 0%
வரிசை 9: பேட்டரி பேக், 0, 50%

எண்களுக்கு நடுவே காற்புள்ளி போடாமல் டைப் செய்யவும். சதவீதக் குறியை மறக்க வேண்டாம். வெறும் 50 என்று போட்டால் விடை நூறு மடங்காகிவிடும். பேட்டரிக்கு இப்போதைக்கு 0 இருக்கட்டும். ஹெட்லைட்டின் வெளி மூடி பிளாஸ்டிக் என்பதால் 50% வைத்திருக்கிறேன்.

இனி பார்முலா. டி2 செல்லைக் கிளிக் செய்து சமக்குறி போடவும். பி2 செல்லைக் கிளிக் செய்யவும். நட்சத்திரக் குறி போடவும். சி2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். டி2-ல் 45000 வரும். மீண்டும் டி2-ஐக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுசால் பிடித்து டி9 வரை இழுத்துவிடவும். எல்லா வரிசைகளுக்கும் கணக்கு தானாக வந்துவிடும்.

பி10 செல்லைக் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். டி10-லும் இதையே செய்யவும். பி10-ல் 700000 இருக்க வேண்டும்; டி10-ல் 164500. அதாவது 7 லட்ச ரூபாய் பில்லில் நம் பங்கு ரூ.1,64,500. பாலிசியில் கட்டாயக் கழிவு என்று எழுதியிருக்கும் சிறு தொகை இதற்கு மேல்.

பேட்டரி வரிசை

இப்போது பி9-ல் 0 இருக்கும் இடத்தில் 2000000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பில் 27 லட்சம் ஆகிவிடும். நம் பங்கு ரூ.11,64,500.

"அவ்வளவு செலவு என்றால் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதி, 40 லட்சம் கொடுத்துவிடாதா?" என்று தோன்றும். அதற்கும் ஒரு விதி உண்டு. மீட்பு, ரிப்பேர் செலவு பாலிசியில் எழுதிய மதிப்பில் 75%-ஐத் தாண்டினால்தான் முழு நஷ்டம். ஏதாவது காலி செல்லில் சமக்குறி போட்டு, 4000000, நட்சத்திரக் குறி, 75% என்று டைப் செய்து என்டர் தட்டவும். 3000000 வரும். நம் பில் 27 லட்சம். 30 லட்சத்தைத் தாண்டவில்லை. ஆகவே கார் ரிப்பேர்தான் செய்யப்படும். பதினொன்றரை லட்சத்துக்கு மேல் நாம் கட்ட வேண்டும். கார் மொத்தமாக நொறுங்கியிருந்தால் வந்திராத செலவு, பாதி நொறுங்கியதால் வருகிறது. அந்தப் பணம் எங்கள் பக்கம் ஒரு சிறிய வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பும் பணம். லோன் வாங்கிக் கார் எடுத்தவருக்கு மாதத் தவணையோடு இதுவும் சேரும்.

பாலிசியை மாற்றிப் பாருங்கள்

கீழே உள்ள ஷீட் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, ஷீட்டை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளவும். முதல் நகலில் சி2 முதல் சி9 வரை எல்லாவற்றையும் 0% ஆக்கவும். இது ஜீரோ டெப் பாலிசி. பம்பர் டு பம்பர் என்றும் சொல்வார்கள். நம் பங்கு பூஜ்யமாகிவிடும்.

இரண்டாவது நகலில் சி2 முதல் சி8 வரை 0% வைத்து, சி9-ல் மட்டும் 50% இருக்கட்டும். நம் பங்கு 10 லட்சம். ஜீரோ டெப் எடுத்தும் பேட்டரி அதில் சேரவில்லை என்றால் நிலைமை இதுதான். மூன்று ஷீட்டுகளையும் மாறி மாறிப் பாருங்கள். கூடுதலாகக் கேட்கும் பிரீமியத்தை ஒரு பக்கமும் இந்த வித்தியாசத்தை மறுபக்கமும் வைத்தால், எதை எடுப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே ஏஜென்டிடம் "ஜீரோ டெப் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கீழ்க்கண்டவற்றையும் கேளுங்கள். பெரிய பேட்டரி அதில் சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் பேட்டரிக்கு என்று தனி கூடுதல் பாதுகாப்பு எடுக்க முடியுமா? தண்ணீர் புகுந்த சேதம் அதில் வருமா? (2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.) ஒரு வருடத்தில் எத்தனை முறை க்ளைம் செய்யலாம்? பதிலை வாயால் வாங்காமல் மெயிலில் வாங்கி, பாலிசி பைலோடு ஒரே போல்டரில் சேமித்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் கொடுக்க அந்த மெயில்தான் கைகொடுக்கும்.

பயிற்சி

எலெக்ட்ரிக் காரை, மோட்டார் பூட்டிய சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகக்கூடாது. தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரி வேலை செய்யும் பட்டறை பெரும்பாலும் பெரிய நகரத்தில் இருக்கும். குடிகாட்டிலிருந்து என்றால் சென்னை வரை போக நேரலாம். வழக்கமான பாலிசி இதற்குத் தருவது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் ரூ.1,500. லாரி வாடகை 15,000 என்று வைத்து, முதல் ஷீட்டில் ஒரு புது வரிசை சேர்த்து நம் பங்கைக் கண்டுபிடியுங்கள்.

குறிப்பு: புது வரிசையைக் கூட்டல் வரிசைக்கு நேர் மேலே சேர்க்காமல், பேட்டரி வரிசைக்கு மேலே சேர்க்கவும். அப்போதுதான் ஆட்டோசம் அதையும் தானாகக் கூட்டிக்கொள்ளும். டி நெடுவரிசையின் பார்முலாவைப் புது வரிசைக்கும் இழுத்துவிட மறக்க வேண்டாம். லாரி வாடகைக்குக் கழிவு எத்தனை சதவீதம் போட வேண்டும் என்பதை நீங்களே யோசியுங்கள். மொத்த பில் 2715000, நம் பங்கு 1178000 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.